தீர்ப்புக்குப் பிறகு பூட்டிய பள்ளிகள்: வர்ஜீனியாவில் இனப் பிரிப்பு எப்படி நீங்கியது?

அமெரிக்காவின் இன ஒடுக்குமுறை பற்றித் தமிழில் பேச்சு எழும்போதெல்லாம் கதை ஒரே தடத்தில் ஓடிவிடுகிறது. ரோசா பார்க்ஸ் பேருந்தில் இருக்கையை விட்டு எழ மறுத்தார், மார்ட்டின் லூதர் கிங் உரையாற்றினார், 1954இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது, அதோடு கறுப்பினக் குழந்தைகளும் வெள்ளைக் குழந்தைகளும் ஒரே வகுப்பில் உட்கார்ந்துவிட்டார்கள். பெயர்களும் ஆண்டும் சரிதான். அந்தக் கடைசிப் பகுதிதான் தவறு. தீர்ப்பு வந்து 14 ஆண்டுகள் ஆன பிறகும் வர்ஜீனியா மாநிலத்தில் ஒரு பள்ளியில் கறுப்பினக் குழந்தைகள் மட்டுமே படித்துக்கொண்டிருந்தார்கள். வேறோர் இடத்திலோ, சேர்ந்து படிக்க விடக் கூடாது என்பதற்காக அரசுப் பள்ளிகள் எல்லாவற்றையும் ஐந்து ஆண்டுகள் பூட்டிவைத்தார்கள்.

வர்ஜீனியாவை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் உண்டு. இனவெறி என்றதும் அலபாமாவின் காவல் நாய்களும் தண்ணீர்ப் பீரங்கிகளும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. வர்ஜீனியாவின் தலைவர்கள் அந்த வழியில் போகவில்லை. தங்களைக் கண்ணியவான்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். கலவரம் கூடாது என்றார்கள். அவர்கள் கையில் எடுத்தவை சட்டப் பிரிவு, வரவு செலவுத் திட்டம், விண்ணப்பப் படிவம். ஒரு மாநிலம் நினைத்தால் உச்ச நீதிமன்றத் தீர்ப்பையே எப்படி வெற்றுத் தாளாக்க முடியும், அதை எப்படி முறியடித்தார்கள் என்பதைப் புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான இடம் இல்லை.

ஒரு தெருக்குழாய்

ஓர் ஊரில் இரண்டு பொதுக் குழாய்கள். மேலத்தெருக் குழாயில் நாள் முழுக்கத் தண்ணீர் வருகிறது, கீழத்தெருவில் நூல் போல் ஒழுகுகிறது. கீழத்தெருக்காரர்கள் மேலத்தெருக் குழாயில் குடம் வைக்கக் கூடாது என்று பஞ்சாயத்து விதியே எழுதி வைத்திருக்கிறது. வழக்கு நடந்து, அந்த விதி செல்லாது என்று தீர்ப்பும் வந்துவிடுகிறது. மறுநாள் காலையில் என்ன நடக்கும்?

பஞ்சாயத்து தீர்ப்பை எதிர்த்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதில்லை. "யார் எந்தக் குழாயில் பிடிப்பது என்பதை இனி ஒரு குழு முடிவு செய்யும், ஒவ்வொருவரும் தனித்தனியே மனு கொடுங்கள்" என்று சொல்லலாம். கீழத்தெருக்காரர் ஒருவர் குடத்தோடு வந்து நின்றால் குழாயையே மூடிவிடலாம். மூடிவிட்டு, "வேண்டுமானால் லாரித் தண்ணீர் வாங்கிக்கொள்ளுங்கள், பாதிக் காசு நாங்கள் தருகிறோம்" என்று அறிவிக்கலாம். மீதிப் பாதி யாரிடம் இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். எதுவும் பலிக்காவிட்டால், "இனி யாரும் எந்தக் குழாயிலும் பிடிக்கலாம், அவரவர் விருப்பம்" என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிடலாம். கீழத்தெருக்காரர் கூலிக்குப் போகும் வயலும் குடியிருக்கும் வீடும் மேலத்தெருவுக்குச் சொந்தமாக இருந்தால், அந்த விருப்பம் எவ்வளவு தூரம் போகும்?

இந்த நான்கும் வர்ஜீனியாவில் நடந்தன. ஏறக்குறைய இதே வரிசையில்.

மூன்று சொற்கள்

மேலே போகுமுன் சொற்களைச் சரிசெய்துகொள்வோம். இவற்றைக் கலந்துகட்டிப் பேசுவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

ஒருவரை அவருடைய இனத்தைக் காரணம் காட்டித் தனி இடத்தில் ஒதுக்கி வைப்பது இனப் பிரிப்பு. அரசே சட்டம் எழுதி அதைச் செய்தால் அது சட்டவழிப் பிரிப்பு. சட்டத்தில் ஒரு வரியும் இல்லாமலே, யார் எங்கே குடியிருக்கிறார்கள், யாரிடம் பணம் இருக்கிறது என்பவற்றால் உண்டாகும் பிரிவு நடைமுறைப் பிரிப்பு. இருந்த பிரிப்பைக் கலைத்துவிடும் வேலைக்குப் பிரிப்பு நீக்கம் என்று பெயர்.

சட்டவழிப் பிரிப்பைச் செல்லாது என்று அறிவிக்க ஒரு தீர்ப்பு போதும். பிரிப்பு நீக்கத்துக்கு அது போதாது. பேருந்து எந்த வழியில் போகும், ஆசிரியர் எங்கே வேலை பார்ப்பார், எந்த மாணவர் எந்தக் கட்டடத்துக்குப் போவார் என்று ஒவ்வொன்றையும் மாற்ற ஆள் வேண்டும். அந்த ஆள் யார்? வழக்குப் போட்ட கறுப்பினப் பெற்றோரா, பிரித்துவைத்த அரசா? வர்ஜீனியாவில் நடந்த நீண்ட சண்டை இந்த ஒரு கேள்வியைப் பற்றியது என்றே நான் நினைக்கிறேன்.

ஒரு மாநிலத்துக்கு இவ்வளவு அதிகாரம் எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவில் பள்ளிக் கல்வி மாநிலங்களின் பொறுப்பு. மாநிலத்துக்குள்ளும் கணிசமான பணம் உள்ளூர் வரியிலிருந்து வருகிறது. வர்ஜீனியாவில் அந்த வரியை ஒதுக்குவது கவுண்டி நிர்வாகம். கவுண்டி என்பது நம் மாவட்டத்தைவிடச் சிறிய உள்ளாட்சிப் பகுதி. ஆக, வாஷிங்டனில் இருக்கும் ஒன்பது நீதிபதிகள் என்ன சொன்னாலும் பள்ளியின் சாவி உள்ளூர்க்காரர் கையில் இருந்தது.

உள்ளூர்க்காரர் என்றால் எல்லோரும் அல்லர். வர்ஜீனியா 1902இல் புதிய மாநில அரசமைப்பு ஒன்றை எழுதிக்கொண்டது. வெள்ளைக் குழந்தைகளும் கறுப்பினக் குழந்தைகளும் ஒரே பள்ளியில் படிக்கக் கூடாது என்று அதன் 140ஆவது பிரிவு சொன்னது. அதே அரசமைப்பு வாக்களிக்கத் தலைவரி கேட்டது. ஆண்டுக்கு 1.50 டாலர், மூன்று ஆண்டுப் பாக்கியும் இல்லாமல், தேர்தலுக்கு ஆறு மாதம் முன்பே கட்டி முடித்திருக்க வேண்டும். கறுப்பினத்தவரில் பெரும்பாலோரும் ஏழை வெள்ளையரில் கணிசமானோரும் வாக்காளர் பட்டியலிலிருந்து காணாமல் போனார்கள். மிஞ்சிய சிறிய வாக்காளர் கூட்டத்தை வைத்துக்கொண்டு ஹாரி பேர்ட் என்ற அரசியல்வாதி பல பத்தாண்டுகள் மாநிலத்தைத் தன் பிடியில் வைத்திருந்தார். 1926 முதல் 1930 வரை ஆளுநர், 1933 முதல் 1965 வரை அமெரிக்க செனட் உறுப்பினர். நம் நாட்டில் ஆளுநர் நியமனப் பதவி. அங்கே ஆளுநர் மக்கள் தேர்ந்தெடுப்பவர், கிட்டத்தட்ட நம் முதலமைச்சர் போல.

பிரிப்பை எதிர்ப்பவர்களுக்கு வாக்கு இல்லை. வாக்கு இல்லாததால் சட்டமன்றத்தில் இடமில்லை. அவர்களுக்கு எஞ்சியிருந்த வழி நீதிமன்றம் மட்டுமே. இந்தப் போராட்டத்தில் வழக்கறிஞர்களின் பெயர்கள் இவ்வளவு அடிபடுவது இதனால்தான்.

வழக்கைத் தொடங்கிய மாணவி

1954 தீர்ப்பு கான்சஸ் மாநிலத்தின் டொபீகா நகரத்து வழக்கு என்று பலரும் நினைக்கிறார்கள். அந்தத் தீர்ப்புக்கு வழங்கும் பிரௌன் என்ற பெயர் அங்கிருந்து வந்தது, உண்மைதான். ஆனால் அது ஒரே வழக்கு அல்ல. கான்சஸ், தென் கரோலினா, டெலவேர், வர்ஜீனியா ஆகிய நான்கு மாநில வழக்குகளைச் சேர்த்துச் சொன்ன தீர்ப்பு. தலைநகர் வாஷிங்டனின் வழக்குக்கு அதே நாளில் தனித் தீர்ப்பு. இவற்றில் வர்ஜீனியா வழக்கு மட்டும் பள்ளி மாணவர்களின் வேலைநிறுத்தத்திலிருந்து பிறந்தது.

பிரின்ஸ் எட்வர்டு கவுண்டியின் ஃபார்ம்வில் என்ற சிற்றூர். அங்கே கறுப்பின மாணவர்களுக்கான மோட்டன் உயர்நிலைப் பள்ளியை 1939இல் 180 பேருக்கென்று கட்டினார்கள். 1950 வாக்கில் 450க்கும் மேற்பட்டோர் படித்தார்கள். இடம் போதாமல், மரச்சட்டத்தின் மேல் தார்த்தாள் போர்த்திய கொட்டகைகளை முற்றத்தில் எழுப்பினார்கள். மழை பெய்தால் ஒழுகும். குளிரில் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர் வியர்ப்பார், தள்ளி உட்கார்ந்தவர் மேலங்கியோடு நடுங்குவார். உடற்பயிற்சிக் கூடம் இல்லை, உணவுக்கூடம் இல்லை. பெற்றோர் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்கள்.

1951 ஏப்ரல் 23 அன்று பார்பரா ஜான்ஸ் என்ற 16 வயது மாணவி தான் போட்டிருந்த திட்டத்தைச் செயல்படுத்தினார். தலைமையாசிரியரைத் தொலைபேசி அழைப்பு ஒன்றின் மூலம் வெளியே போகவைத்து, அவர் எழுதியதுபோல் வகுப்புகளுக்குச் சீட்டு அனுப்பி எல்லோரையும் அரங்கில் கூட்டினார்கள். திரை விலகியதும் மேடையில் பார்பரா நின்றார். மாணவர்கள் அன்றே வெளிநடப்பு செய்தார்கள். இரண்டு வாரம் பள்ளிக்குத் திரும்பவில்லை.

அவர்கள் கேட்டது நல்ல கட்டடம். ரிச்மண்ட் நகரிலிருந்து வந்த வழக்கறிஞர்கள் ஆலிவர் ஹில், ஸ்பாட்ஸ்வுட் ராபின்சன் இருவரும் வேறொன்று சொன்னார்கள். இவர்கள் என்.ஏ.ஏ.சி.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும், கறுப்பின மக்களின் உரிமைக்கான தேசியச் சங்கத்தைச் சேர்ந்தவர்கள். நல்ல கட்டடம் கேட்டு வழக்குப் போட்டால், தனியாக இருந்தாலும் சமமாக இருந்தால் போதும் என்று 1896இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். பிரிப்பே தவறு என்று கேட்பதானால் வருகிறோம் என்றார்கள். மாணவர்களும் பெற்றோரும் ஒப்புக்கொண்டார்கள். 117 மாணவர்களின் பெயரில் வழக்கு பதிவாயிற்று.

பார்பராவுக்கு மிரட்டல் வந்தது. பெற்றோர் அவரை அலபாமாவின் மான்ட்கமரி நகரத்தில் இருந்த தந்தையின் சகோதரரிடம் அனுப்பிவைத்தார்கள். அந்தச் சகோதரர் வெர்னன் ஜான்ஸ், டெக்ஸ்டர் அவென்யூ பாப்டிஸ்ட் தேவாலயத்தின் போதகர். அவருக்குப் பிறகு அதே தேவாலயத்துக்குப் போதகராக வந்தவர்தான் மார்ட்டின் லூதர் கிங்.

1952இல் வர்ஜீனியாவில் இருந்த மத்திய நீதிமன்றம், பிரிப்பினால் எந்த இனத்துக்கும் தீங்கு இல்லை என்று சொல்லி மாணவர்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கட்டடத்தை மட்டும் சமமாக்கச் சொன்னது. 1953இல் கவுண்டி செங்கல் கட்டடமாகப் புதிய மோட்டன் பள்ளியைக் கட்டிக்கொடுத்தது. பல ஆண்டுகள் பணமில்லை என்று சொன்ன அதே நிர்வாகம்!

இதுவரை பார்த்ததை ஒருமுறை திரட்டிக்கொள்வோம். பிரிப்பு மாநில அரசமைப்பிலேயே எழுதப்பட்டிருந்தது. அதை மாற்றக்கூடியவர்களுக்கு வாக்குரிமை மறுக்கப்பட்டிருந்தது. எனவே போராட்டம் நீதிமன்றத்துக்குப் போனது, அதைத் தொடங்கியவர்கள் மாணவர்கள்.

1954 சொன்னதும் சொல்லாததும்

1954 மே 17 அன்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது: பள்ளிகளில் தனி என்பதே சமமின்மை. எப்போது, எப்படி மாற்ற வேண்டும் என்று அன்று சொல்லவில்லை. ஓராண்டு கழித்து, 1955 மே 31 அன்று, நிதானத்தோடு கூடிய வேகத்தில் செய்யுங்கள் என்ற பொருளில் இரண்டாம் தீர்ப்பு வந்தது. கெடு தேதி கிடையாது. ஒவ்வொரு ஊருக்கும் தனித்தனியே உள்ளூர் மத்திய நீதிபதி பார்த்துக்கொள்ள வேண்டும் என்றது.

அந்த நிதானம் என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் வர்ஜீனியா அடுத்த பத்தாண்டுகளை ஓட்டியது. தென் கரோலினா வழக்கில் ஒரு மத்திய நீதிபதி 1955இல் சொன்ன விளக்கமும் கைகொடுத்தது. அரசமைப்பு பாகுபாட்டைத் தடுக்கிறதே தவிர, இனங்களை ஒன்றாகக் கலக்கச் சொல்லவில்லை என்பது அவர் வாதம். கேட்பதற்கு நியாயம்போல் இருக்கும். இதன் விளைவைக் கட்டுரையின் பின்பகுதியில் பார்ப்போம்.

பெரும் எதிர்ப்பு

1956 பிப்ரவரியில் ஹாரி பேர்ட் தென் மாநிலங்களைப் "பெரும் எதிர்ப்புக்கு" அழைத்தார். அந்த ஆண்டின் கோடையில் ஆளுநர் தாமஸ் ஸ்டான்லி சட்டமன்றத்தின் சிறப்புக் கூட்டத்தைக் கூட்டி ஒரு சட்டத் தொகுப்பையே நிறைவேற்றினார்.

அதில் முதலாவது, மாணவர் ஒதுக்கீட்டு வாரியம். ஆளுநர் நியமித்த மூவர் எந்த மாணவர் எந்தப் பள்ளிக்குப் போவார் என்று தீர்மானிப்பார்கள். சட்டத்தில் இனம் என்ற சொல்லைத் தேட வேண்டியதில்லை. மாணவரின் நலன், பள்ளியின் வசதி, நிர்வாகத் தேவை என்று பொதுவான காரணங்கள் போதும். கறுப்பினக் குழந்தை ஒவ்வொன்றும் தனித்தனியே விண்ணப்பித்து, மறுக்கப்பட்டு, மேல்முறையீடு செய்து, பிறகே நீதிமன்றம் போக முடியும். அதற்குள் அந்தக் குழந்தை பள்ளிப் படிப்பையே முடித்திருக்கும். தொடக்க ஆண்டுகளில் வாரியம் தானாக முன்வந்து ஒரு கறுப்பின மாணவரைக்கூட வெள்ளையர் பள்ளிக்கு அனுப்பவில்லை.

அடுத்தது பூட்டு. நீதிமன்ற உத்தரவால் ஒரு வெள்ளையர் பள்ளியில் ஒரு கறுப்பின மாணவர் சேர்ந்தாலும், ஆளுநர் அந்தப் பள்ளியை மூடிவிட வேண்டும், மாநில நிதியும் நிறுத்தப்படும். மூன்றாவது, மூடிய பள்ளியின் மாணவர்கள் தனியார் பள்ளியில் சேர அரசு தரும் பணம், அதாவது கல்விக்கட்டண மானியம். இவற்றோடு, என்.ஏ.ஏ.சி.பி. சங்கத்தை முடக்கவும் தனிச் சட்டங்கள் போட்டார்கள். வழக்குத் தொடர ஆள் சேர்ப்பதே குற்றம் என்றார்கள். 1963இல்தான் உச்ச நீதிமன்றம் அதைத் தூக்கி எறிந்தது.

1958: பூட்டு விழுந்தது

1958 செப்டம்பரில் ஆளுநர் லிண்ட்சே ஆல்மண்ட், ஃபிரண்ட் ராயல் ஊரிலிருந்த வாரன் கவுண்டி உயர்நிலைப் பள்ளியை மூடினார். பிறகு சார்லட்ஸ்வில் நகரில் இரண்டு, நார்ஃபோக் நகரில் ஆறு. நார்ஃபோக்கில் மட்டும் சுமார் 10,000 மாணவர்கள் தெருவில் நின்றார்கள். அவர்கள் ஏறக்குறைய எல்லோரும் வெள்ளைக் குழந்தைகள். அந்த ஆறு பள்ளிகளில் 17 கறுப்பின மாணவர்கள் சேர வேண்டியிருந்தது என்பதே காரணம்.

இந்த இடத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். பிரிப்பைக் காப்பாற்ற, தங்கள் வாக்காளர்களின் பிள்ளைகளுடைய படிப்பையே பலிகொடுக்க ஓர் அரசு தயாராக இருந்தது. அந்த வாக்காளர்கள் எல்லோரும் அதற்குத் தயாராக இல்லை. நார்ஃபோக்கின் வெள்ளைப் பெற்றோர் சிலரே வழக்குப் போட்டார்கள். தொழிலதிபர்கள், பள்ளி இல்லாத ஊருக்கு யார் முதலீட்டோடு வருவார்கள் என்று கேட்கத் தொடங்கினார்கள்.

1959 ஜனவரி 19 அன்று, ஒரே நாளில், இரண்டு நீதிமன்றங்கள் பள்ளி மூடும் சட்டத்தைச் செல்லாததாக்கின. மத்திய நீதிமன்றம், ஓர் ஊரில் பள்ளியை மூடி இன்னோர் ஊரில் திறந்து வைப்பது சமப் பாதுகாப்புக்கு எதிரானது என்றது. மாநிலத்தின் உச்ச நீதிமன்றமோ இனத்தைப் பற்றிய வாதத்துக்கே போகவில்லை. மாநிலம் முழுவதும் இலவசப் பள்ளிகளை நடத்த வேண்டும் என்று 1902 அரசமைப்பே சொல்கிறதே என்றது. பிரிப்பை எழுதிவைத்த அதே ஆவணத்தின் வேறொரு வரி பூட்டை உடைத்தது.

மறுநாள் ஆல்மண்ட் ஒருபோதும் பணியமாட்டேன் என்று வானொலியில் முழங்கினார். ஒரு வாரம் கழித்து, ஜனவரி 28 அன்று, சட்டமன்றத்தில் பின்வாங்கினார். பிப்ரவரி 2 அன்று நார்ஃபோக்கில் 17 பேரும், ஆர்லிங்டன் கவுண்டியின் ஸ்டிராட்ஃபோர்டு பள்ளியில் 4 பேரும் வகுப்புக்குள் போனார்கள். கலவரம் இல்லை. பேர்ட் அதற்குப் பிறகு ஆல்மண்டை மன்னிக்கவேயில்லை.

ஐந்து ஆண்டு இருட்டு

மாநிலம் பள்ளியை மூட முடியாது என்றாகிவிட்டது. கவுண்டி மூடலாமா? வழக்கு பிறந்த பிரின்ஸ் எட்வர்டு கவுண்டி அந்த ஓட்டையைக் கண்டுபிடித்தது. 1959 ஜூனில், நீதிமன்ற உத்தரவுப்படி சேர்க்க வேண்டிய கெடு நெருங்கியபோது, கவுண்டி நிர்வாகம் பள்ளிகளுக்கு ஒரு காசும் ஒதுக்கவில்லை. யாரையும் தடுக்கவில்லை, எந்தப் பள்ளியையும் மூட உத்தரவிடவில்லை. பணம் இல்லாததால் எல்லா அரசுப் பள்ளிகளும் அப்படியே நின்றுபோயின.

வெள்ளைக் குழந்தைகளுக்காகத் தனியார் அறக்கட்டளை ஒன்று அந்தச் செப்டம்பரிலேயே பிரின்ஸ் எட்வர்டு அகாடமி என்ற பள்ளியைத் தொடங்கிவிட்டது. தேவாலயங்களிலும் மற்ற கட்டடங்களிலும் வகுப்பு நடந்தது. 1960 முதல் மாநில மானியமும் கவுண்டியின் வரிச்சலுகையும் அந்தப் பக்கம் பாய்ந்தன. 1961இல் மத்திய நீதிபதி தடுக்கும்வரை.

கறுப்பினக் குழந்தைகள் சுமார் 1,700 பேர். சிலரை உறவினர் வீட்டுக்கு வேறு கவுண்டிகளுக்கு அனுப்பினார்கள். சிலரை குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவின் அமைப்பினர் வெளி மாநிலக் குடும்பங்களில் தங்கவைத்துப் படிக்கவைத்தார்கள். தேவாலய அடித்தளங்களில் பெண்கள் எழுத்தும் கணக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். நிறையப் பிள்ளைகள் புகையிலைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போனார்கள். ஆறு வயதில் பள்ளி சேர வேண்டியவர்கள் பத்து, பதினொன்று வயதில் அரிச்சுவடி தொடங்கினார்கள். பதினான்கு வயதில் நிறுத்தியவர்களில் பலர் திரும்பவே இல்லை. வழக்கில் வென்ற குழந்தைகளுக்குக் கிடைத்தது இது. இன ஒடுக்குமுறை என்றால் அடிதடி என்று மட்டும் எண்ணுகிறவர்கள் இந்த ஐந்து ஆண்டுகளைத் தெரிந்துகொண்டே ஆக வேண்டும்.

1963இல் கென்னடி அரசின் ஊக்கத்தோடு, நன்கொடையில் ஓராண்டு இலவசப் பள்ளிகள் நடந்தன. 1964 மே 25 அன்று, கிரிஃபின் வழக்கில், நிதானமான வேகத்துக்கான காலம் முடிந்துவிட்டது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தேவைப்பட்டால் பள்ளிக்கு வரி விதிக்கும்படி கவுண்டிக்கே உத்தரவிடலாம் என்றது. அரசுப் பள்ளிகள் திறந்தன. வந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் கறுப்பினக் குழந்தைகள். வெள்ளைக் குழந்தைகள் அகாடமியிலேயே இருந்துகொண்டார்கள். அந்த மூடலில் படிப்பை இழந்தவர்கள் மீண்டும் படிக்க 2004இல் மாநிலம் உதவித்தொகை ஏற்படுத்தியது. அப்போது அவர்களில் பலர் ஐம்பதைத் தாண்டியிருந்தார்கள்.

சுருங்கச் சொன்னால் இவ்வளவுதான்: ஒவ்வொரு தடையிலும் இனம் என்ற சொல் மறைந்துகொண்டே போனது. வாரியம், மூடல், மானியம், நிதி ஒதுக்காமை. சொல் மறைந்ததே தவிர விளைவு மாறவில்லை.

விருப்பம் என்ற பொறி

கடைசித் தடைதான் மிகவும் மென்மையானது, அதனால் புரிந்துகொள்ளவும் கடினமானது.

1964இல் குடிமை உரிமைச் சட்டம் வந்தது. இனப் பாகுபாடு காட்டும் பள்ளிகளுக்கு மத்திய அரசின் பணம் கிடையாது. அடுத்த ஆண்டு கல்விக்கான மத்திய நிதி பெருமளவு கூடியது. இப்போது பிரிப்பைக் கைவிடாவிட்டால் நட்டம். உடனே கவுண்டிகள் விருப்பத் தேர்வுத் திட்டத்தைக் கொண்டுவந்தன. எந்தக் குழந்தையும் எந்தப் பள்ளியையும் தேர்ந்தெடுக்கலாம், படிவத்தை நிரப்பினால் போதும்.

ரிச்மண்டுக்குக் கிழக்கே உள்ள நியூ கென்ட் கவுண்டியில் இரண்டே பள்ளிகள். நியூ கென்ட் பள்ளி வெள்ளையருக்கு, ஜார்ஜ் வாட்கின்ஸ் பள்ளி கறுப்பினத்தவருக்கு. மொத்தம் சுமார் 1,300 மாணவர்கள். 740 பேர் கறுப்பினத்தவர், 550 பேர் வெள்ளையர். இரு இனத்தவரும் கவுண்டி முழுக்கக் கலந்தே குடியிருந்தார்கள். ஆனாலும் 21 பள்ளிப் பேருந்துகள், 11 ஒரு பள்ளிக்கு, 10 இன்னொன்றுக்கு என்று ஒன்றன் வழியில் ஒன்று குறுக்கிட்டு ஓடின.

1965இல் விருப்பத் தேர்வு வந்தது. மூன்று ஆண்டுகளில் ஒரு வெள்ளைக் குழந்தைகூட வாட்கின்ஸைத் தேர்ந்தெடுக்கவில்லை. கறுப்பினக் குழந்தைகளில் 1967இல் 115 பேர் நியூ கென்டுக்குப் போனார்கள். 85 சதவீதம் பேர் வாட்கின்ஸிலேயே இருந்தார்கள். விரும்பித்தானே இருக்கிறார்கள் என்று பள்ளி வாரியம் கேட்டது.

தென் மாநிலங்களில் இந்த விருப்பத்துக்கு ஒரு விலை இருந்தது. பிள்ளையை வெள்ளையர் பள்ளிக்கு மாற்றிய தகப்பனுக்கு வேலை போகலாம், வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லலாம், கடையில் கடன் நின்றுபோகலாம். வகுப்பில் தனியாக உட்காரப்போவது குழந்தை. பிரித்துவைத்தது அரசு, அதைக் கலைக்கும் ஆபத்தை மட்டும் பாதிக்கப்பட்டவர் தலையில் வைத்தார்கள்.

இதை உச்ச நீதிமன்றத்தில் எடுத்துச் சொன்னவர் சாமுவேல் டக்கர். 1939லேயே தன் சொந்த ஊரான அலெக்சாண்டிரியாவில், கறுப்பினத்தவரை அனுமதிக்காத பொது நூலகத்தில் ஐந்து இளைஞர்களை அமைதியாகப் புத்தகம் படித்தபடி உட்காரவைத்துப் போராட்டம் நடத்திய வழக்கறிஞர். வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் கறுப்பின மாணவர்கள் 1960இல் நடத்திய புகழ்பெற்ற உணவுவிடுதி மறியலுக்கு 21 ஆண்டுகளுக்கு முன்பு!

நியூ கென்ட் பள்ளிகள் பற்றிய இந்த வழக்குக்குக் கிரீன் வழக்கு என்று பெயர். 1968 மே 27 அன்று வந்த அதன் தீர்ப்பு, கறுப்பினப் பெற்றோரின் தோளிலிருந்து சுமையை எடுத்துப் பள்ளி வாரியத்தின் தோளில் வைத்தது. பாகுபாடு காட்டுவதை நிறுத்தினால் மட்டும் போதாது. இரட்டைப் பள்ளி முறையை வேரும் கிளையுமாகக் களைய வேண்டியது வாரியத்தின் கடமை. விருப்பத் தேர்வு பலன் தந்தால் இருக்கட்டும். தராவிட்டால் இப்போதே பலன் தரும் வேறு திட்டத்தைக் கொண்டுவர வேண்டும். கலக்கச் சொல்லவில்லை என்ற 1955 வாதம் இதோடு செத்தது. நியூ கென்டில் தீர்வு மிக எளிதாக இருந்தது: வாட்கின்ஸ் எல்லாருக்கும் தொடக்கப் பள்ளி, நியூ கென்ட் எல்லாருக்கும் உயர்நிலைப் பள்ளி. இதை 1954லேயே செய்திருக்க முடியும்.

என் பார்வையில் பிரௌன் தீர்ப்புக்கு இணையாகப் பேசப்பட வேண்டியது கிரீன் தீர்ப்பு. தென் மாநிலப் பள்ளிகள் பெருமளவில் மாறத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

பள்ளிக்கு வெளியே

பள்ளிகள் மட்டுமல்ல, வேறு பல வழக்குகளும் இதே மாநிலத்திலிருந்து வந்தன. 1944இல், ரோசா பார்க்ஸுக்கு 11 ஆண்டுகளுக்கு முன், ஐரீன் மார்கன் பேருந்தில் இருக்கையை விட மறுத்துக் கைதானார். மாநிலம் விட்டு மாநிலம் போகும் பேருந்துகளில் பிரிப்பு கூடாது என்று அவர் வழக்கில் 1946இல் தீர்ப்பு வந்தது. ரிச்மண்ட் பேருந்து நிலைய உணவகத்தில் கைதான சட்ட மாணவர் புரூஸ் பாய்ன்டனின் வழக்கு 1960இல் அதை நிலையங்களுக்கும் நீட்டித்தது. இந்தத் தீர்ப்புகள் நடைமுறையில் இருக்கின்றனவா என்று சோதிக்கத்தான் 1961இல் சுதந்திரப் பயணிகள் என்று பெயர்பெற்ற போராட்டக்காரர்கள் பேருந்து ஏறினார்கள். மாநிலத் தேர்தல்களுக்கான தலைவரியை 1966இலும், இனம் கடந்த திருமணத்துக்கான தடையை 1967இல் லவிங் தம்பதியின் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் ஒழித்தது. தலைவரி போனதும் பேர்ட் கூட்டத்தின் அடித்தளம் ஆட்டம் கண்டது. 1989இல் வர்ஜீனியா டக்ளஸ் வைல்டரை ஆளுநராகத் தேர்ந்தெடுத்தது. அமெரிக்காவில் மக்கள் வாக்களித்து ஆளுநரான முதல் கறுப்பினத்தவர் அவர்.

எல்லைக்கோடு

கிரீன் தீர்ப்பின் பலம் பிரித்துவைத்த வாரியத்தின் எல்லைக்குள் மட்டுமே செல்லும். ரிச்மண்டில் அது தெரிந்தது. நகரப் பள்ளிகளில் சுமார் 70 சதவீதம் கறுப்பின மாணவர்கள், சுற்றியிருந்த ஹென்ரைகோ, செஸ்டர்ஃபீல்டு கவுண்டிகளில் 90 சதவீதத்துக்கும் மேல் வெள்ளையர். நகரத்துக்குள் மட்டும் கலப்பதில் அதிகப் பலன் இல்லை. மூன்றையும் ஒரே பள்ளி நிர்வாகமாக இணைக்கும்படி மத்திய நீதிபதி ராபர்ட் மெர்ஹிஜ் 1972 ஜனவரியில் உத்தரவிட்டார். அவருக்குக் காவல் போட வேண்டியிருந்தது. அதே ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது.

1973இல் உச்ச நீதிமன்றத்தில் நான்குக்கு நான்கு என்று சமநிலை. ஒன்பதாவது நீதிபதி லூயிஸ் பவல், முன்பு ரிச்மண்ட் பள்ளி வாரியத்தின் தலைவராக இருந்தவர் என்பதால் விலகிக்கொண்டார். சமநிலை என்றால் கீழ் நீதிமன்றத் தீர்ப்பு நிற்கும். அடுத்த ஆண்டு டெட்ராய்ட் வழக்கில், பக்கத்து நிர்வாகம் பிரிப்பில் பங்கெடுத்ததாக நிரூபிக்காதவரை அதை இதில் இழுக்க முடியாது என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் முடிவாயிற்று. சட்டவழிப் பிரிப்பை நீக்கக் கண்டுபிடித்த கருவி, கவுண்டி எல்லைகளில் குடிகொண்ட நடைமுறைப் பிரிப்பின் முன் அதோடு நின்றது.